9 வயதில் பயந்து படுக்கையில் விழுந்தவர், 39 வயதில் அதே கதைகளை மொழிபெயர்க்க உட்கார்ந்தார்: யார் இந்த ஹூலியோ கொர்த்தஸார்?

அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸ். அதன் தெற்குப் புறநகரில் பான்ஃபீல்ட் என்ற ஊர். அங்கே ஒரு 9 வயசுப் பையன் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்கிறான். இந்த வயசுக்கு இது ஆகாது என்று அம்மா தடுத்து வைத்திருந்த புத்தகம் அது. படித்து முடித்ததும் உடம்பு சரியில்லாமல் போகிறது. கிட்டத்தட்ட 3 மாதம் எழுந்திருக்கவே இல்லை. காரணம், அந்தக் கதைகளில் வந்ததை எல்லாம் அவன் அப்படியே நம்பிவிட்டான்.

புத்தகத்தை எழுதியவர் எட்கர் ஆலன் போ. உலகம் முழுக்க திகில் கதை என்றாலே முதலில் நினைவுக்கு வரும் அமெரிக்க எழுத்தாளர். படித்த பையன் ஹூலியோ கொர்த்தஸார். சரியாக 30 வருஷம் கழித்து, அதே ஆலன் போவின் கதைகள் மொத்தத்தையும் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குக் கொண்டுவரும் வேலை இவர் கைக்குத்தான் வந்தது. இன்றைக்கும் ஸ்பெயினிலோ மெக்சிகோவிலோ ஒருவர் ஆலன் போவைப் படித்தேன் என்று சொன்னால், அவர் படித்தது பெரும்பாலும் கொர்த்தஸாரின் வரிகளாகத்தான் இருக்கும்.

நாவலாசிரியர், லத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் பெரிய பெயர் என்றெல்லாம் அவரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஆனா, ஒரு மொழியின் பயத்தை இன்னொரு மொழிக்கு மாற்ற அவர் என்ன பாடுபட்டார் என்பது அதிகம் பேசப்படாத கதை.

போர்க்காலத்தில் பிறந்த குழந்தை

கொர்த்தஸார் பிறந்தது அர்ஜென்டினாவில் இல்லை. 1914 ஆகஸ்ட் 26 அன்று பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே அர்ஜென்டினா அரசுத் தூதரகம் சார்ந்த வேலை. முதல் உலகப்போர் தொடங்கி, ஜெர்மன் படை பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். குடும்பம் சுவிட்சர்லாந்து, பிறகு பார்சிலோனா என்று சுற்றிவிட்டு, போர் முடியும் சமயத்தில்தான் ஊர் திரும்பியது. ஸ்பானிஷ் பேசும்போது ‘ர’ எழுத்தை பிரெஞ்சுக்காரர் மாதிரி தொண்டையில் உருட்டும் பழக்கம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை.

அவருக்கு 6 வயது இருக்கும்போது அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா, பாட்டி, தங்கை என்று பெண்கள் மட்டுமே இருந்த வீட்டில் வளர்ந்தார். அடிக்கடி உடம்பு படுத்தும். படுக்கையில் கிடக்கும்போதெல்லாம் புத்தகம்தான் துணை. ரொம்பப் படிக்கிறானே என்று கவலைப்பட்டு அம்மா டாக்டரிடம் கூட்டிப்போக, சில மாதங்களுக்குப் புத்தகத்தையே கண்ணில் காட்டாதீர்கள், வெயிலில் விளையாட விடுங்கள் என்று டாக்டர் சொன்ன கதையும் உண்டு.

பான்ஃபீல்டின் தெருக்களில் அப்போது விளக்கு வெளிச்சம் மங்கல். வீட்டில் இருட்டான மூலைகள். பெரியவர்கள் சொல்லும் பேய்க்கதைகள் வேறு. அர்ஜென்டினா எழுத்தாளர்களுக்கு ஏன் அமானுஷ்யக் கதைகளில் இவ்வளவு ஆர்வம் என்று 1970களில் எழுதிய ஒரு கட்டுரையில், தன் சிறுவயது வீட்டையும் அந்த பயத்தையும் கொர்த்தஸாரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

வாத்தியார் வேலையிலிருந்து மொழிபெயர்ப்புக்கு

வீட்டில் பணம் இல்லை. படித்து முடித்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். பொலிவர், சிவில்காய் என்று பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தின் சின்னச் சின்ன ஊர்களில் பள்ளி ஆசிரியர். 1944-ல் மென்டோசா நகரப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தார். அந்த நேரம்தான் ஹுவான் பெரோன் அரசியலில் மேலே வந்துகொண்டிருந்தார். பெரோனுக்கு எதிரான போராட்டத்தில் கொர்த்தஸாரும் இருந்தார். பெரோன் ஆட்சிக்கு வந்ததும், அவர்கள் வேலையைப் பறிக்கும் முன் தானாகவே ராஜினாமா செய்துவிட்டு பியூனஸ் அயர்ஸ் திரும்பினார்.

பிழைப்புக்கு என்ன செய்வது? புத்தகப் பதிப்பாளர்கள் சங்கத்தில் மேனேஜர் வேலை. கூடவே மொழிபெயர்ப்பு. டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ 1945-ல் இவர் மொழிபெயர்ப்பில் வந்தது. செஸ்டர்டன், வால்டர் டி லா மேர், ஆந்த்ரே ழீத் என்று வரிசையாக வேலைகள்.

1946-ல் அவருடைய ‘காசா தொமாதா’ சிறுகதை வெளிவந்தது. ‘பறிபோன வீடு’ என்று சொல்லலாம். பத்திரிகையின் ஆசிரியர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ். ஒரு அண்ணனும் தங்கையும் பரம்பரை வீட்டில் தனியாக வாழ்கிறார்கள். ஒருநாள் வீட்டின் பின்பகுதியில் ஏதோ சத்தம். கதவைப் பூட்டிவிட்டு முன்பகுதியில் வாழத் தொடங்குகிறார்கள். பிறகு அங்கேயும் சத்தம். கடைசியில் வீட்டைவிட்டே வெளியேறுகிறார்கள். உள்ளே வந்தது யார் என்று கதை சொல்வதே இல்லை. அது பெரோன் ஆட்சியைப் பற்றிய உருவகம் என்று பலர் படித்தார்கள். கொர்த்தஸார் சொன்னது வேறு: தனக்கு வந்த ஒரு கெட்ட கனவுதான் அது.

ஆலன் போவின் ‘அஷர்’ கதையிலும் இடிந்துகொண்டிருக்கும் ஒரு பழைய வீடு, அதில் ஒரு அண்ணன், ஒரு தங்கை. சிறுவயதில் படுக்கையில் தள்ளிய எழுத்தாளர் இன்னும் இவரை விட்டுப் போகவில்லை என்பது இங்கேயே தெரிகிறது.

சாப்பாட்டில் பூச்சி: தேர்வு நேரத்தில் வந்த விநோத பயம்

1948-ல் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கான தேர்வுக்குத் தயாரானார். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் சேர்த்து. சாதாரணமாக 3 வருஷம் படிக்க வேண்டிய படிப்பு. இவர் முடித்தது சுமார் 9 மாதத்தில். தேறிவிட்டார். ஆனா மனசு அதற்கு ஒரு விலை கேட்டது.

அம்மா சமைத்த சாப்பாட்டில் பூச்சி கிடக்குமோ என்ற பயம் திடீரென்று வந்தது. ஒவ்வொரு கவளத்தையும் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இந்தச் சமயத்தில்தான் ‘சிர்சே’ என்ற சிறுகதையை எழுதினார். தன்னைக் கட்டிக்கொள்ள வரும் ஆண்களுக்கு வீட்டிலேயே இனிப்பு செய்து கொடுக்கும் ஒரு பெண். அந்த இனிப்புக்குள் இருப்பது கரப்பான்பூச்சி. கதையை எழுதி முடித்து கொஞ்ச நாள் கழித்து, கிளறிப் பார்க்காமலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் தானே கவனித்தார். பயம் போயிருந்தது.

மொழிபெயர்ப்புத் தேர்வு கொடுத்த பயத்தை ஒரு திகில் கதை எழுதித் தீர்த்துக்கொண்ட மனிதர். ஆலன் போ வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வாய்ப்பு

1951-ல் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘பெஸ்தியாரியோ’ வெளிவந்தது. விற்பனை பெரிசாக இல்லை. அதே வருஷம் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார். அது தீர்ந்த பிறகு, புத்தகக் கம்பெனி ஒன்றில் பார்சல் கட்டும் வேலைகூடப் பார்த்தார். யுனெஸ்கோவில் அவ்வப்போது மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும். 1953-ல் ஸ்கூட்டர் விபத்து வேறு. காலில் எலும்பு முறிவு.

அதே 1953 ஆகஸ்ட்டில் அவுரோரா பெர்னார்தெஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அவுரோராவும் அர்ஜென்டினாக்காரர், அவரும் மொழிபெயர்ப்பாளர். சார்த்ரின் ‘லா நாசே’ நாவலை ஸ்பானிஷுக்குக் கொண்டுவந்தவர். பின்னாளில் இத்தாலோ கால்வினோவையும் லாரன்ஸ் டரலையும் மொழிபெயர்த்தவர். கணவனை விடப் பல விதத்தில் கறாரான மொழிபெயர்ப்பாளர் என்று இவரைச் சொல்பவர்கள் உண்டு.

இந்த நிலைமையில்தான் அந்த வாய்ப்பு வந்தது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய எழுத்தாளர் பிரான்சிஸ்கோ அயாலா, அப்போது புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் பதிப்பு வேலைகளில் இருந்தார். ஆலன் போ எழுதிய உரைநடை முழுவதையும் மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். கதைகள், ஒரே முழு நாவலான ‘ஆர்தர் கோர்டன் பிம்’, ‘யுரேகா’, விமர்சனக் கட்டுரைகள் என்று மலை மாதிரி வேலை. கவிதைகள் மட்டும் இதில் சேரவில்லை.

சம்பளம் நன்றாக இருந்தது. பாரிஸை விடச் செலவு குறைவு என்பதால் புதுமணத் தம்பதி இத்தாலிக்குக் கிளம்பினார்கள். முதலில் ரோம், பிறகு ஃப்ளோரன்ஸ். 39 வயசு கொர்த்தஸார் தினமும் உட்கார்ந்து, தன்னை 9 வயசில் பயமுறுத்திய வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அதுவரை அவர் ஆங்கிலம் பேசும் நாடு எதிலும் வாழ்ந்ததே இல்லை. அவருடைய ஆங்கிலம் புத்தகங்கள் கொடுத்தது.

ஸ்பானிஷில் ஆலன் போ ஏற்கெனவே இருந்தாரே?

இருந்தார். ஆனா நேராக வரவில்லை. பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் போதலேர் 1856-ல் ஆலன் போ கதைகளை ‘அசாதாரணக் கதைகள்’ என்ற தலைப்பில் பிரெஞ்சில் கொண்டுவந்தார். ஐரோப்பாவே அதன் வழியாகத்தான் ஆலன் போவைக் கண்டுபிடித்தது. ஸ்பானிஷுக்கும் அதே கதைதான். பழைய ஸ்பானிஷ் பதிப்புகள் பல, பிரெஞ்சிலிருந்து எடுக்கப்பட்டவை. தலைப்புகூட போதலேர் வைத்ததுதான். அமெரிக்காவில் கிளம்பிய சரக்கு பாரிஸ் துறைமுகத்தில் இறங்கி, வேறு பெட்டிக்கு மாறி, மாட்ரிட் போன மாதிரி.

கொர்த்தஸார் நேராக ஆங்கில மூலத்துக்குப் போனார். பிரெஞ்சு அவருக்குத் தாய்மொழிக்குச் சமம் என்பதால் போதலேர் எப்போதும் மேஜையில் கூடவே இருந்தார் என்றும் சொல்லலாம். சில இடங்களில் அந்த நிழல் தெரியும்.

ஒரு சொல் மாறினால் பயம் மாறிவிடுமா?

இதயம் துடிக்கும் கதையையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் கிழவர் ஒருவரைக் கொன்று, உடலைத் தரைப்பலகைக்குக் கீழே மறைக்கிறான். போலீஸ் வருகிறது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். கீழே இதயம் துடிக்கும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்கிறது. சத்தம் கூடக் கூட, தாங்க முடியாமல் தானே கத்திக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

அந்தக் கதையின் ஆங்கிலத் தலைப்பில் இதயத்துக்கு முன்னால் வரும் சொல், சின்னப் பிள்ளைகள் டீச்சரிடம் போய் இன்னொருவரைப் பற்றி கோள் சொல்வதைக் குறிக்கும். அதற்குள்ளேயே ‘கதை’ என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டு விளையாட்டும் ஸ்பானிஷில் ஒன்றாக வராது. போதலேர் பிரெஞ்சில் ‘வெளிப்படுத்தும் இதயம்’ என்று வைத்தார். அழகான தலைப்பு, ஆனால் கூர்மை இல்லை. கொர்த்தஸார் பதிப்பில் இருப்பது ‘எல் கொராசோன் தெலாத்தோர்’. ‘தெலாத்தோர்’ என்றால் அதிகாரிகளிடம் போய் ஆளைக் காட்டிக்கொடுப்பவன். கோள் சொல்லும் குழந்தைத்தனம் போய்விட்டது. பதிலுக்கு அந்தச் சொல்லில் போலீஸ் ஸ்டேஷன் வாடை வந்துவிட்டது. கதையின் கடைசிக் காட்சிக்கு அதுதான் தேவை.

இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று அதே கதையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கதை சொல்லும் ஆள் ஆணா, பெண்ணா என்று ஆலன் போ எங்கேயும் சொல்லவில்லை. தமிழிலும் ‘நான் பயந்தேன்’ என்று எழுதினால் பால் தெரியாது. ஸ்பானிஷில் அது முடியாது. கதையின் முதல் வாக்கியத்திலேயே தனக்கு நரம்புத் தளர்ச்சி என்று அந்த ஆள் சொல்கிறான். அந்த உரிச்சொல்லை எழுதிய நொடியே ஆணா பெண்ணா என்று முடிவு செய்தாக வேண்டும். கொர்த்தஸார் ஆண் என்று வைத்தார். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனா ஆங்கிலத்தில் திறந்திருந்த ஒரு கதவு அங்கே சாத்தப்பட்டது உண்மை.

அடுத்தது, அந்த ஆள் யாரிடம் பேசுகிறான்? ஆங்கிலத்தில் நீ, நீங்கள், ஒருவர், பலர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கொர்த்தஸார் தேர்ந்தெடுத்தது ‘உஸ்தேதெஸ்’, அதாவது பன்மை ‘நீங்கள்’. அந்த ஒரு முடிவில் காட்சியே மாறிவிடுகிறது. ஒரு நண்பனிடம் ரகசியம் சொல்லும் குரல் போய், வரிசையாக உட்கார்ந்திருக்கும் டாக்டர்களோ நீதிபதிகளோ முன்னால், தான் பைத்தியம் இல்லை என்று ஒருவன் வாதாடும் குரல் வருகிறது.

நஷ்டமான இடங்களும் உண்டு. வேண்டாம் என்று தெரிந்தே ஒரு தப்பைச் செய்யத் தூண்டும் மனநிலையைப் பற்றி ஆலன் போ ஒரு கதை எழுதினார். அதன் தலைப்பில் வருவது நம்ம ஊர்க் குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு சின்னப் பிசாசு. தொல்லை கொடுக்கும், கிள்ளும், காதில் ஓதும். போதலேர் அதை பெரிய சாத்தானாக்கிவிட்டார். கொர்த்தஸாரும் ‘எல் தெமோனியோ’ என்று அதே வழியில் போனார். குட்டிச்சாத்தானின் குறும்பு அங்கே தொலைந்தது. மொத்த வேலையிலும் போதலேரின் பிடி அதிகம் தெரியும் இடம் இது.

சிவப்பு மரணக் கதையிலோ ஸ்பானிஷ் கைகொடுத்தது. தலைப்பில் வருவது முகமூடி என்ற பொருளா, முகமூடி விருந்து என்ற பொருளா? ஆலன் போவே 1842-ல் முதலில் வெளியிட்டபோது முகமூடி என்றுதான் எழுதினார். பிறகு எழுத்தை மாற்றி விருந்து என்றாக்கினார். ஸ்பானிஷின் ‘மாஸ்கரா’ முதல் பொருளைப் பிடித்துக்கொண்டது. விருந்துக்கு வந்த உருவத்தின் முகமூடியைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஆளே இல்லை என்பதுதான் கதை என்பதால், நஷ்டம் தெரியவில்லை.

‘அமோந்தியாதோ’ பீப்பாய்க் கதையில் ஒரு வேடிக்கை. அது ஸ்பெயின் நாட்டு ஒயினின் பெயர். மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் ஊர் திரும்பிய சொல்.

‘சஸ்பென்ஸ்’ என்றால் ஸ்பெயினில் ஃபெயில்!

ஸ்பானிஷ் பேசும் 20-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே புத்தகம் எழுதுவதில் இன்னொரு தலைவலி உண்டு. சஸ்பென்ஸுக்கு அர்ஜென்டினாவில் ‘சுஸ்பென்சோ’ என்பார்கள். அதே சொல்லை ஸ்பெயினில் ஒரு மாணவனிடம் சொன்னால், பரீட்சையில் ஃபெயில் என்று அர்த்தம். அதனால் அங்கே நம்மைப் போலவே ஆங்கிலச் சொல்லையே கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பழக்கமான ஒன்று திடீரென்று அந்நியமாகி முதுகுத்தண்டு சில்லிடுமே, அந்த உணர்வுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இருக்கிறது. ஸ்பானிஷில் இல்லை. ஃப்ராய்டு இதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையையே ஒருவர் ‘சினியெஸ்த்ரோ’ என்றும், இன்னொருவர் ‘ஒமினோசோ’ என்றும் மொழிபெயர்த்தார்கள். முதல் சொல்லுக்கு இன்னொரு பொருள், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடும் விபத்து!

இந்த மாதிரி இடங்களில் ஒற்றைச் சொல்லைத் தேடி மல்லுக்கட்டுவதைவிட, வாக்கியத்தின் ஓட்டத்தில் பயத்தைக் கொண்டுவருவது கொர்த்தஸாரின் வழி. ஆலன் போவின் ஆங்கிலத்தில் கோடுகளும் ஆச்சரியக்குறிகளும் திரும்பத் திரும்ப வரும் சொற்களும் அதிகம். அந்த நடை கொச்சையானது என்று ஆல்டஸ் ஹக்ஸ்லி 1930-லேயே கிண்டல் செய்திருக்கிறார். கொர்த்தஸார் கையில் அது இறுகி, தெளிவாகி, நிதானமாகிவிடுகிறது. அவர் ஆலன் போவை மூலத்தைவிட மேலானவராக்கிவிட்டார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதுவே தப்பு, ஆலன் போவின் பதற்றத்தையும் கரடுமுரடையும் இழைத்துவிட்டார் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனா, பயம் குறையவில்லை என்பதை ராத்திரி 11 மணிக்குப் படிக்கிற யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

100 வருஷம் கழித்து வந்த புத்தகம்

1956-ல் இரண்டு கனமான தொகுதிகளாக ஆலன் போவின் உரைநடை வெளிவந்தது. புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகமும் மாட்ரிட்டின் ‘ரெவிஸ்தா தெ ஒக்சிதென்தே’வும் சேர்ந்து போட்டன. போதலேரின் புத்தகம் வந்து சரியாக 100 வருஷம். ஆலன் போவின் வாழ்க்கையைப் பற்றி கொர்த்தஸார் எழுதிய நீண்ட முன்னுரையும், கதைகளுக்கான குறிப்புகளும் இருந்தன.

கதைகளை அவர் வருஷ வரிசையில் அடுக்கவில்லை. பொருள் வாரியாக அடுக்கினார். திகில் கதைகள் முன்னால், நகைச்சுவைக் கதைகள் பின்னால். எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது ‘வில்லியம் வில்சன்’. தன்னைப் போலவே இன்னொருவன் வாழ்நாள் முழுக்கத் தன்னைத் துரத்தும் கதை.

மாட்ரிட்டின் அலியான்சா பதிப்பகம் 1970-ல் அந்த 67 கதைகளையும் இரண்டு பாக்கெட் புத்தகங்களாகக் கொண்டுவந்தபோதுதான் அவை நிஜமாகவே மக்கள் கைக்குப் போய்ச்சேர்ந்தன. மாணவர்களின் பையில், பஸ்ஸில், பழைய புத்தகக் கடையில் எல்லாம் அந்தப் பதிப்புதான். 2008-ல் இன்னொரு பதிப்பு வந்தது. 67 கதைகளுக்கும் 67 எழுத்தாளர்கள் ஆளுக்கொரு குறிப்பு எழுதினார்கள். முன்னுரை எழுதியவர்கள் கார்லோஸ் ஃபுயன்தெஸும் மரியோ வர்காஸ் யோசாவும். வேறு மொழிபெயர்ப்பு தேடாமல், கொர்த்தஸாருடையதையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆலன் போ அவருக்கு என்ன கொடுத்தார்?

1956-லேயே கொர்த்தஸாரின் ‘ஃபினால் தெல் ஹுவேகோ’ தொகுப்பும் வந்தது. அதில் ஒரு கதையில், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடப்பவன் கனவு காண்கிறான். கனவில் ஆஸ்டெக் வீரர்கள் அவனை நரபலிக்குத் துரத்துகிறார்கள். கடைசியில் எது கனவு, எது நிஜம் என்பது தலைகீழாகிறது. பாரிஸ் ஸ்கூட்டர் விபத்து அதற்கு விதை. ஆனா கட்டிப்போடப்பட்டு, மேலே பார்த்தபடி சாவுக்குக் காத்திருக்கும் அந்த உடல், ஆலன் போவின் ஊசல் கதையில் பலகையோடு கட்டப்பட்டுக் கிடக்கும் கைதியை ஞாபகப்படுத்தாமல் இருக்காது.

1960களின் தொடக்கத்தில் கியூபாவில் சிறுகதையைப் பற்றிப் பேசியபோது, குத்துச்சண்டை ரசிகரான அவர் ஒரு பிரபலமான ஒப்பீட்டை எடுத்துப் பேசினார். நாவல் புள்ளிக்கணக்கில் ஜெயிக்கலாம், சிறுகதை நாக்-அவுட்டில்தான் ஜெயிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே உரையில் சிறுகதையின் பிடியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தீவிரம்: தேவையில்லாத எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, சில வாக்கியங்களிலேயே வாசகனை நடுச்சம்பவத்தில் இறக்குவது. அதற்கு அவர் காட்டிய உதாரணம் ஆலன் போவின் பீப்பாய்க் கதை. மற்றது இழுவிசை: என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலேயே வாசகனை மெதுமெதுவாக அருகில் கொண்டுபோவது. இதை ஏதோ கோட்பாட்டுப் புத்தகத்தில் படித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பிரித்துக் கோத்த கைக்கு மட்டும் வரும் தெளிவு அது.

எழுத வராமல் தவிக்கும் இளம் எழுத்தாளருக்கு அவர் சொன்ன யோசனையும் இதே அனுபவத்திலிருந்துதான். கொஞ்ச நாள் சொந்தமாக எழுதுவதை நிறுத்திவிட்டு, நல்ல இலக்கியம் எதையாவது மொழிபெயர்த்துப் பாருங்கள் என்பார்.

அவரும் மொழிபெயர்க்கப்பட்டார்

யுனெஸ்கோவில் நிரந்தர வேலையில் சேராமல், தேவைப்படும்போது மட்டும் போய் மொழிபெயர்க்கும் வாழ்க்கையைப் பல வருஷம் வைத்துக்கொண்டார். 1956-ல் யுனெஸ்கோ மாநாட்டுக்காக அவுரோராவுடன் டெல்லி வந்தார். 1968-ல் மறுபடி இந்தியா வந்தபோது, இந்தியாவுக்கான மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸின் விருந்தாளி. அந்தப் பயணத்தில் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் எடுத்த போட்டோக்களை வைத்து 1972-ல் ஒரு புத்தகமே போட்டார்.

1963-ல் ‘ரயுவேலா’ நாவல் வந்து அவரை உலகப் புகழாக்கியது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கிரிகரி ரபாஸாவுக்கு, அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதில் மொழிபெயர்ப்புக்கான முதல் பரிசு 1967-ல் கிடைத்தது. ஆலன் போவின் நாட்டுக்குப் பதில் மரியாதை போன மாதிரி ஆனது. இன்னொரு சிறுகதை, இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ படத்துக்கு அடிப்படை.

பிறகு கியூபா, சிலி, நிகராகுவா என்று அரசியல் அவரை இழுத்துக்கொண்டது. 1976-ல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு ஊர் திரும்ப வழியில்லை. 1981-ல் பிரான்ஸ் குடியுரிமை கொடுத்தது. அவுரோராவிடமிருந்து பிரிந்து பல வருஷம் ஆகியிருந்தது. கடைசி மனைவி, கனடாவில் வாழ்ந்த எழுத்தாளர் கரோல் டன்லப், 1982-ல் இறந்துபோனார். 1983 டிசம்பரில், ஜனநாயகம் திரும்பிய அர்ஜென்டினாவுக்கு ஒருமுறை போனார். தெருவில் மக்கள் அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தார்கள். புதிய அதிபர் அவரைச் சந்திக்கவில்லை.

1984 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் இறந்தார். வயது 69. கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது, இத்தாலியில் ஆலன் போவை மொழிபெயர்த்தபோது கூட இருந்த அவுரோராதான். அவருடைய எழுத்துகளைப் பாதுகாக்கும் பொறுப்பும் அவுரோராவிடமே வந்தது. 2014-ல் இறக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டார்.

கொர்த்தஸாரைப் புதைத்தது பாரிஸின் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில், கரோல் டன்லப் பக்கத்தில். வருகிறவர்கள் கல்லறையில் கூழாங்கல், மெட்ரோ டிக்கெட், பாண்டி ஆட்டக் கட்டம் வரைந்த துண்டுச்சீட்டு என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். ‘ரயுவேலா’ என்றால் பாண்டி ஆட்டம். அதே தோட்டத்தில், கொஞ்ச தூரத்தில், 1867-லிருந்து இன்னொருவரின் கல்லறை இருக்கிறது. ஆலன் போவை பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த சார்ல் போதலேர்.